வணிகர் வங்கி விற்பனைக்கு அல்ல

ஜூன் 12, 2023, திங்கள்

ஆண்டு மலருக்காக நான் எழுதிக் கொடுத்த வங்கி வரலாறு இன்று திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் பாதியைத் தலைவர் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறார்.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? எழுபது வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் இருந்த பெரிய வங்கிக்காரர்கள் தோல் கிடங்குக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். நாற்றம். சரக்கைப் பார்க்காமலேயே கடன் இல்லை என்பார்கள். பூட்டுப் பட்டறைக்காரர்களுக்கும் அதே பதில். வெங்காய மண்டிக்காரர்களுக்கும் அதே பதில். இந்த மூன்று கூட்டமும் பணம் போட்டு, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் தொடங்கியதுதான் எங்கள் வணிகர் கூட்டுறவு வங்கி. முதல் மேலாளர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கிடங்குக்குள் போய்த் தோலை எண்ணிப் பார்த்துக் கடன் கொடுத்தார். பிறகு ஒரு காலத்தில் தோல் ஏற்றுமதி படுத்து, வங்கி மூழ்கப் பார்த்தபோது, இயக்குநர்கள் ஏழு பேர் தங்கள் வீட்டுப் பத்திரங்களை ஈடு வைத்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். இவ்வளவுதான் எழுதினேன்.

"என்னம்மா இது, மலரைத் திறந்தாலே தோல் நாத்தம் அடிக்குது. 'சான்றோர் பலரின் தொலைநோக்கால் உருவானது'ன்னு போட்டு விடுங்க" என்றார் தலைவர் இளஞ்செழியன்.

"அப்படி நான் எழுத மாட்டேன் சார். வேணும்னா வேற ஆளை வச்சு எழுதிக்கங்க."

அவருடைய அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு டெபாசிட் பிரிவு மேலாளர் என்று பெயர்; கடை கடையாக ஏறி இறங்கி, 'எங்க பேங்க்ல பணம் போடுங்க' என்று கேட்பதுதான் வேலை. அதற்குத் தேன் தடவிய வாய் வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படி வாய்க்கவில்லை. ஆனாலும் போடுகிறார்கள்.

ஜூன் 27, செவ்வாய்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லை மூடிவிட்டார்களாம். நம் கடன் அதில் எவ்வளவு நிற்கிறது என்று கடன் பிரிவில் கேட்டேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

மாலையில் ரிசர்வ் வங்கி உத்தரவு வந்துவிட்டது. பொது மேலாளர் செபஸ்தியான் சார் அதைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

ஆறு மாதத்துக்குப் புதுக் கடன் கிடையாது. புது டெபாசிட் வாங்கக் கூடாது. போட்டவர்கள் ஆளுக்கு இருபதாயிரம்தான் எடுக்கலாம்.

காரணம் அந்த மில்தான். மூன்று கம்பெனிப் பெயர்களில் கொடுத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் பின்னால் ஒரே ஆள். தலைவரின் சகலை. சின்ன வியாபாரிகளுக்கென்று வைத்த வங்கியில், மொத்தக் கடனில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒருவன் சட்டைப் பையில்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது கௌசல்யா" என்றார். பதிலா இது?

நாளை இரண்டாம் சனி. மறுநாள் ஞாயிறு. திங்கள் காலை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 10, திங்கள்

நடந்தது.

ஒன்பது மணிக்கே தெரு அடைத்துவிட்டது. பேகம்பூர்த் தோல்காரர்கள், பூட்டுக் கடைக்காரர்கள், பூ கமிஷன் மண்டிக்காரர்கள், பென்ஷன் வாங்கும் வாத்தியார்கள். பாதி முகம் எனக்குத் தெரிந்த முகம். பாதிக் கணக்கு நான் பிடித்துக் கொண்டுவந்தது.

தலைவர் போனில் செபஸ்தியான் சாரிடம் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "ஷட்டரை இறக்கிட்டு, சர்வர் கோளாறுன்னு போர்டு மாட்டி விடுங்க."

சார் கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இறக்காதீங்க சார். இறக்கினா இவங்க கல்லெடுப்பாங்க. எடுத்தாலும் தப்பில்ல."

"நீ போய் என்ன சொல்லப்போற?"

"உள்ளதை."

படியில் நின்று சொன்னேன். ஐந்து லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கிறது, அது எங்கும் போகாது; அதற்கு மேல் போட்டவர்களுக்கு இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை; இருபதாயிரம் இன்றே தருவோம்; வயதானவர்கள் உள்ளே வந்து உட்காரலாம். ஒருவர் கேட்டார்: "எவன் தின்னான் அம்புட்டுப் பணத்தையும்?" மில் பெயரைச் சொன்னேன். யாருடைய மில் என்றும் சொன்னேன்.

கூட்டம் படியை நோக்கி நெருக்கியது. ஒரு செருப்பு என் தோளில் பட்டது. ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே, "நீ சொல்லித்தானே தாயி போட்டேன்" என்றார். அவர் கத்தவில்லை. செருப்பு வலிக்கவில்லை, அது வலித்தது.

ஆனால் ஷட்டர் இறங்கவில்லை. கடைசி ஆள் வரை பணம் கொடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினோம்.

ஜூலை 11, செவ்வாய்

சைதூன் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். கணவர் போன பிறகு தோல் கிடங்கை ஒற்றை ஆளாக நடத்துகிறாள். கிடங்கில் பாதி இடத்தை விற்று, மீதியை இடித்துக் கட்ட இருபத்திரண்டு லட்சம் வைத்திருந்தாள். வீட்டில் வைக்காதே என்று வாங்கிக்கொண்டு போய்ப் போட்டது நான்.

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"வர்ற வட்டியைக்கூட நான் தொடுறதில்ல, ஏழைபாழைக்குக் குடுத்துடுறேன்னு உனக்குத் தெரியும். நான் கேட்டது அசல் பத்திரமா இருக்கணும்னு மட்டுந்தான். அதுக்கே ஆபத்தா கௌசி?"

"வாங்கிக் குடுக்குறேன் சைதூன்."

"எப்படி?"

தெரியாது என்று சொன்னேன். எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 21, வெள்ளி

சஸ்பெண்ட். 'வங்கியின் இரகசியத் தகவலைப் பொதுமக்களிடம் வெளியிட்டது.' தலைவர் கையெழுத்து, பச்சை மையில்.

இரகசியமாம். ஊரார் பணத்தைச் சகலைக்குக் கொடுத்தது இரகசியம். அதைச் சொன்னது குற்றம்.

வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து வந்ததும் கடிதத்தைப் படித்தார். பாண்டியராஜ் எதையும் இரண்டு முறை படிக்கிற ஆள். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துரு. இன்னும் பத்து வருஷ சர்வீஸ் இருக்கு. நம்ம பொண்ணு படிப்பு வேற இருக்கு" என்றார்.

"எதுக்குங்க மன்னிப்பு? பொய் சொல்லாததுக்கா?"

"நீ சரின்னு எனக்கும் தெரியும். சரியா இருந்து என்ன செய்ய?"

பதில் எழுதிவிட்டேன். ஒரே வரி: நான் சொன்னதில் எது பொய் என்று தெரிவிக்கவும். நாளை பதிவுத் தபாலில் போகிறது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இயக்குநர் குழுவை ரிசர்வ் வங்கி கலைத்துவிட்டது. இளஞ்செழியன் வீட்டுக்குப் போனார். என் சஸ்பென்ஷன் மட்டும் போகவில்லை. நன்றாக இருக்கிறது நியாயம்.

நிர்வாக அதிகாரியாக மதுரையிலிருந்து தங்கமுத்து என்று ஒருவர் வந்திருக்கிறார். ஓய்வு பெற்ற அதிகாரி; சிரிப்பை ஓய்வுக்கு முன்பே ஒப்படைத்துவிட்டவர் போலிருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

"விசாரணை முடியாம உங்களை உள்ள எடுக்க முடியாதும்மா. விதி விதிதான்."

"அது கிடக்கட்டும் சார். பேங்க் என்ன ஆகும்?"

மும்பையில் இருந்து ஒரு தனியார் வங்கி கேட்கிறதாம். ஏழு கிளைகளில் இரண்டை வைத்துக்கொள்வார்கள். சரக்கின் பேரில் கொடுத்த சின்னக் கடன்களை எல்லாம் திருப்பிக் கேட்பார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் போட்டவர்களுக்கு, மீதியைப் பத்து வருடத்தில் தவணையாகக் கொடுப்பார்கள்.

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. பெரிய டெபாசிட்காரங்க தங்க பணத்துல கால் பங்கை பேங்க்கோட பங்கா, அதாவது ஷேரா மாத்திக்கணும். மிச்சத்தை ரெண்டு வருஷம் எடுக்கக் கூடாது. அதுக்குள்ள மில்லை வித்து வசூலிக்கணும். எண்பது சதம் பேர் சம்மதம் எழுதிக் குடுத்தா நான் ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரை பண்ணலாம். செப்டம்பர் கடைசிதான் கெடு." கொஞ்சம் நிறுத்தி, "எந்த ஊரிலும் இப்படி எண்பது சதம் வந்து நான் பார்த்ததில்லை" என்றார்.

"நான் இந்த பேங்க்ல மெம்பர் சார். ஒரு மெம்பர் இன்னொரு மெம்பர்கிட்டப் போய்ப் பேசலாமில்ல?"

"பேசலாம். நான் அனுப்பினதா இருக்கக் கூடாது."

யாராவது அனுப்பித்தான் நான் போக வேண்டுமா?

ஆகஸ்ட் 16, புதன்

பேகம்பூர், நாகல் நகர் முடிந்தது. திட்டியவர்கள் அதிகம். கையெழுத்துப் போட்டவர்கள் கொஞ்சம். திட்டிவிட்டுப் போட்டவர்களும் உண்டு. கால் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று ஒட்டன்சத்திரம், பழனி. காலையில் பஸ் ஏறப் புறப்பட்டேன். இவர் பேசாமல் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, எனக்கு ஒரு ஹெல்மெட்டை நீட்டினார். ஒரு மாதமாக எங்களுக்குள் பேச்சு சரியாக இல்லை. நானும் பேசாமல் ஏறிக்கொண்டேன்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் பேச்சிமுத்து அண்ணன் முருங்கைக்காய் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, லாரி நிக்குதுங்க. சுருக்கா நாலு வார்த்தையில சொல்லிப்போடுங்க."

"உங்க மண்டிக்கு முதல் கடன் யாரு குடுத்தாங்க அண்ணே?"

"நீங்கதானுங்க."

"வேற பேங்குக்கு அப்ப போனீங்களா?"

"போனனுங்க. காய்கறி அழுகிப்போற சரக்கு, அதுக்குக் கடன் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"மும்பைக்காரங்க குடுப்பாங்களா?"

அவர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளை வாங்கி மூட்டை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "பணம் போச்சுன்னா உங்க வீட்டு வாசல்லதானுங்க லாரியக் கொண்டாந்து நிறுத்துவேன்."

"நிறுத்துங்க. வெஞ்சனத்துக்குக் காய் வாங்குற வேலை எனக்கு மிச்சம்."

பக்கத்தில் நின்ற இவர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பழனியில் பஞ்சாமிர்தக் கடை ராமுத்தாய் அம்மா ஒரே பேச்சாக முடித்துவிட்டார். "கதையெல்லாம் வேணாம் தாயி. எனக்கு என் காசு வேணும்." நியாயந்தான். ஆனாலும் நான் மறுபடி போவேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சைதூனிடம் போகாமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன். இன்று போனேன்.

கிடங்கில் உப்பு போட்டு அடுக்கிய தோல்களுக்கு நடுவே நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"மும்பைக்காரன் தவணையிலயாவது தாரேங்குறான். நீ என்னடான்னா கால் பங்கை மறந்துருன்னு சொல்ற."

"மறக்கச் சொல்லல. பங்கா மாத்தச் சொல்றேன்."

"உனக்கு உன் வேலை திரும்ப வேணும். பேங்க் இருந்தாத்தான் வேலை. அதுக்கு என் காசு. அதானே கௌசி?"

தாள்களைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

பொய்யா அவள் சொன்னது? இல்லை. எனக்கு என் வேலை வேண்டும்தான். அதில் என்ன வெட்கம்? இருபத்திநாலு வருடம் இந்த ஊர் வெயிலில் நடந்து சேர்த்த வேலை. ஆனால் அது மட்டும்தான் என்றால் மும்பைக்காரர்கள் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். ஆள் விட்டுக் கேட்டார்கள். நான் முடியாது என்றது அவளுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன். சொன்னால் கெஞ்சுவது போலாகிவிடும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் டெபாசிட்காரர்கள் கூட்டம். வாசலில் வாழைமரம் போன வார முகூர்த்தத்தினுடையது, எடுக்க மறந்திருக்கிறார்கள்.

தங்கமுத்து சார் இரண்டு வழிகளையும் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். இதுவரை சம்மதித்தவர்கள் அறுபத்தொரு சதம். இன்னும் ஒரு வாரம்தான். முன்வரிசையில் பழைய தலைவரின் ஆட்கள். "மும்பை பேங்குக்கே குடுத்துருவோம், நிம்மதி" என்று ஆளுக்கொரு பக்கம் எழுந்து சொன்னார்கள். கூட்டம் தலையாட்டத் தொடங்கியது. நான் பேச எழுந்தேன். "சஸ்பெண்ட் ஆன ஆளெல்லாம் பேசக் கூடாது" என்று கத்தினார்கள். மெம்பர் நான், பேசுவேன் என்றேன். மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். மைக் இல்லாமல் பேசினேன். கேட்டதோ இல்லையோ.

அப்போது பின்வரிசையில் இருந்து சைதூன் நடந்து வந்தாள். மைக் வைத்திருந்தவன் முன்னால் கையை நீட்டினாள். அவன் கொடுத்துவிட்டான்.

"சார், நான் தோல் யாவாரம் பண்றவ. எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. மும்பைக்காரங்க வந்தா, மில்லுக்காரரு வாங்குன கடன் என்ன ஆகும்?"

தங்கமுத்து சார் தாளைப் பார்க்காமல் சொன்னார். "அது அவங்க இஷ்டம். கொஞ்சம் வாங்கிட்டு மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணலாம்."

"இன்னொரு திட்டத்துல?"

"மில்லும் நிலமும் ஏலத்துக்குப் போகும். தள்ளுபடி கிடையாது."

"அப்ப என் காசு பத்து வருஷம் கிடக்கணும். அவரு கடன் மட்டும் கரைஞ்சு போயிரணும். அதுக்குத்தான் இவங்க இம்புட்டு நிம்மதி தேடுறாங்களா?"

மண்டபமே முன்வரிசையைப் பார்த்தது. முன்வரிசை ஆட்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா சும்மா போட மாட்டேன். போர்டுல உக்காருறவங்க சொந்தக்காரங்களுக்கு இனி ஒத்தை ரூபா கடன் கிடையாது. பணம் போட்டவங்கள்ல ஒருத்தர் கடன் கமிட்டியில உக்காரணும். ரெண்டையும் திட்டத்துல எழுதுங்க."

இரண்டு மாதம் ஊர் ஊராக அலைந்தேனே, இந்த இரண்டும் எனக்குத் தோன்றவே இல்லை. தங்கமுத்து சார் மேடையிலேயே எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட வரிசை நின்றது.

வெளியே வரும்போது என்னைத் தாண்டிப் போனாள். நிற்காமலே சொன்னாள்: "உனக்காக இல்ல."

"தெரியும்" என்றேன்.

செப்டம்பர் 30, சனி

எண்பத்தி மூன்று சதம். ராமுத்தாய் அம்மா மூன்றாவது முறை போனபோது போட்டார். டப்பாவில் பஞ்சாமிர்தமும் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டு.

நவம்பர் 15, புதன்

ரிசர்வ் வங்கியில் இருந்து ஒரு பதிலும் இல்லை. தெருவில் போனால் கேட்கிறார்கள். வரும் வரும் என்கிறேன். வராவிட்டால்? வராவிட்டால் மதுரைக்குப் போவேன், சென்னைக்குப் போவேன். வாசலில் உட்காருவேன்.

ஜனவரி 8, 2024, திங்கள்

கட்டுப்பாடு நீங்கியது. திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

காலையில் மறுபடி தெரு நிறையக் கூட்டம். நிறையப் பேர் எடுக்கத்தான் வந்தார்கள்; எடுக்கட்டும், அவர்கள் பணம். மதியத்துக்கு மேல் பணம் கட்டும் கவுண்டரிலும் ஆட்கள் நின்றார்கள். முதலில் நின்றவர் யாரென்று பார்க்க எட்டிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆள். அதுவே நல்லதாகப் பட்டது.

என் விசாரணையும் முடிந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு வெட்டு. வேடசந்தூர் கிளைக்கு மாற்றம். 'வருத்தம் தெரிவித்தால் வெட்டை ரத்து செய்யலாம்' என்றார் தங்கமுத்து சார்.

"வெட்டிக்கங்க சார்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வேடசந்தூர் பஸ் எட்டு மணிக்கு இருக்கு. சோறு கட்டிட்டுப் போகணும்னா நீ ஆறு மணிக்கு எந்திரிக்கணும்" என்றார். பிறகு, "சோறு நான் வடிச்சுக்கிறேன்" என்றார்.

ஏப்ரல் 26, வெள்ளி

மில் ஏலம் போனது. கடன் முழுக்க வராது, முக்கால்வாசி வந்துவிடும். இளஞ்செழியன் மீது வழக்கு நடக்கிறது. புது இயக்குநர் குழுவுக்குத் தேர்தல். சைதூன் நின்றாள், ஜெயித்தாள். என்னிடம் ஓட்டுக் கேட்கவில்லை. போட்டேன்.

ஜூலை 18, வியாழன்

புதுக் குழு வந்தபின் முதல் பெரிய கடன் மனுவை எடுத்துக்கொண்டு கிளையிலிருந்து திண்டுக்கல் ஹெட் ஆபீஸ் போனேன். மில்களில் கழிவுப் பஞ்சு வாங்கி மெத்தைக் கம்பெனிக்கு விற்கும் ஒரு மனிதர், நாற்பது லட்சம் கேட்கிறார். நேர்மையான ஆள். நானே எல்லாம் பார்த்து, அழகாக எழுதியிருந்தேன். கடன் கமிட்டியில் ஐந்து பேர். கடைசி நாற்காலியில் சைதூன், கண்ணாடி போட்டுக்கொண்டு. அவள் கண்ணாடி போடுவது எனக்குத் தெரியாது.

மற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள். அவள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், இவரு சரக்கு பூராவும் ஒரே மெத்தைக் கம்பெனிக்குத்தான் போகுதா?"

"ஆமாங்க. நல்ல கம்பெனி."

"அது நின்னு போச்சுன்னா?"

"நிக்காது. பல வருஷமா நடக்குற கம்பெனி."

"நிக்காதுங்குறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

என்னிடம் ஒன்றும் இல்லை. மனுவை மூடி என் பக்கம் தள்ளினாள். "இவரு சரக்கை வாங்க இன்னொரு கிராக்கி இருந்தாக் கொண்டாங்க, பார்ப்போம்."

எனக்கு முகமெல்லாம் சூடு. அவள் அசலுக்காக நான் ஊர் ஊராக— சரி, அது எதற்கு இப்போது. படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"சாப்டியா?"

"இல்ல."

"வா, சாப்பிட்டுப் போ."

"இருபது கிலோமீட்டர் பஸ்ல போகணும், வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் புறப்படுகிற வரைக்கும் கோபம். ஊரைத் தாண்டுவதற்குள் அவள் கேட்டது சரி என்று தெரிந்துவிட்டது. அது இன்னும் கோபம்.

கரூரில் இரண்டு மெத்தைக் கம்பெனிகள் இருப்பதாக அந்த மனிதர் போனில் சொல்கிறார். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறேன். எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த கமிட்டியில் அவள் முன்னால்தான் வைப்பேன். மறுபடி திருப்பினால் மறுபடி போவேன். அன்றைக்கு அவளோடு சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவது.